கடற்புல்லுக்கு ஒரு சுவர்

பிப்ரவரி 9

குடாவின் வாயில் கிடந்த பாறைத்திட்டைத் துறைமுகக் கமிட்டி இரண்டு வருடத்துக்கு முன் வெடி வைத்துத் தகர்த்தது அநியாயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பெரிய படகுகள் உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டுமாம். அதற்காக ஒரு பாறையையே தூளாக்கினார்கள். ஊரைக் கேட்கவில்லை, மீனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவே இல்லை.

பாறை இருந்தவரை வெளிக்கடல் அலை அதன்மேல் மோதி உடைந்து, பலம் போய்த்தான் உள்ளே வரும். இப்போது நேராக வருகிறது. வந்ததும் முதல் அடி கடற்புல் வெளியின் விளிம்புக்கு. இன்று சுற்றுலாக்காரர்களுக்கு, அடியில் கண்ணாடி பதித்த என் படகை அங்கே நிறுத்திக் காட்டினேன். ரொட்டியைக் கத்தியால் அறுத்ததுபோல் விளிம்பு செங்குத்தாக நிற்கிறது. முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. படியின் முகத்தில் வேர்கள் வெளியே தொங்குகின்றன. ஒவ்வொரு பெரிய அலையும் அடியிலிருந்து மணலை உருவுகிறது. பிறகு மேலே நிற்கும் புல் மொத்தமாகச் சரிகிறது.

படகில் வந்த ஒரு பெண், "யாரோ தோண்டியிருக்காங்களா?" என்று கேட்டாள். யார் தோண்டியது என்று கரை சேரும்வரை சொன்னேன். இறங்கும்போது அவள் கணவர், "நாங்க மீன் பார்க்க வந்தோம்மா" என்றார்.

போன வருடமே வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினேன். குடாவின் வாயில் கல்சுவர் கட்டு, அலையை நிறுத்து. இவ்வளவுதான் கோரிக்கை. கமிட்டிச் செயலாளர் அதை வாங்கி மேசையில் வைத்தார். அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். என் கண் முன்னாலேயே.

பிப்ரவரி 11

வீட்டுக்காரர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறார்: "கடலோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சுட்டுப் போம்மா. போன தடவை பால் பொங்கி மெஷின் வரைக்கும் வந்துச்சு."

படகுகளுக்குக் கூரைத்துணி தைக்கிறவர். கடலில் கால் நனைக்க மாட்டார். கருத்து மட்டும் சொல்வார்.

பிப்ரவரி 20

செயலாளருக்குக் காதில் சொன்னால் ஏறாது. கண்ணில் காட்டுகிறேன்.

பழைய படகுத்துறைக்குப் பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், புல் ஒரு திட்டாக நிற்கிறது. அதைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கத் தொடங்கிவிட்டேன். அலை படாத புல் எப்படி வளரும் என்று ஊர் பார்க்கட்டும். ஐஸ் பாக்டரிக்காரர் பழைய சாக்குகள் கொடுத்தார். தானே வந்து கொஞ்சம் மூட்டை தூக்கிப் போட்டுவிட்டு, "அக்கா, இடுப்பு போச்சு. இனிமே கரையில இருந்தே ஆதரவு" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 27

டேப் வந்தாள். கடல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். எதைப் பார்த்தாலும் இடுப்பிலிருந்து டேப்பை உருவி அளப்பாள். நான் வைத்த பெயர், ஊரே பிடித்துக்கொண்டது. அவளுக்கும் கோபமில்லை.

மூட்டை வளையத்தை அளந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இவ்வளவு நெருக்கி அடுக்காதீங்க. நடுவுல இடம் விடுங்க. தண்ணி போய் வரணும்."

"புல்லு கடலுக்குள்ளதானே நிக்குது? அதுக்குத் தண்ணிப் பஞ்சமாக்கும்?"

"தண்ணி இருக்கிறது வேற, தண்ணி ஓடுறது வேற."

"வெளியே விளிம்பு போகுதே, அதை அளந்தியா?"

"அளந்தேன். போகுது. ஆனா புல்லு அலைக்குப் பழகிக்கும்னு எங்க நிலையத்துல—"

"பத்தி எரியற வீட்டுல நின்னுக்கிட்டு, சூடு பழகிடும்னு சொல்லுவியா நீ?"

டேப் சர்ரென்று பெட்டிக்குள் போனது. அவளும் போனாள்.

அவள் போனபிறகு சந்துகளிலும் மூட்டை வைத்து அடைத்தேன்.

மார்ச் 22

புல் எழும்புகிறது! வளையத்துக்கு வெளியே சாண் உயரம்கூட இல்லை. உள்ளே முழம் தாண்டிவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. இலை ஒன்றுகூடக் கிழியவில்லை.

ஏப்ரல் 18

கமிட்டி மொத்தமும் என் படகில் ஏறியது. முதலில் விளிம்பைக் காட்டினேன். படகு ஆடிய ஆட்டத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். நல்லது, தெரியட்டும். பிறகு படகுத்துறைக்குக் கொண்டுவந்து என் வளையத்தின்மேல் நிறுத்தினேன். கண்ணாடிக்குக் கீழே உயரமாக, பச்சையாக, அசையாமல் நின்றது. நடுவில் ஒரு கடல்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு தொங்கியது. அதை நான் வைக்கவில்லை, அதுவாக வந்தது. இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு எவனாவது பேசுவான்.

செயலாளர் குனிந்து பார்த்தார். "அக்கா, நீங்க சொன்னப்ப நான் நம்பலை. தப்பு என்மேலதான்" என்றார்.

எத்தனை வருடமாகக் காத்திருந்த வாக்கியம்!

மே 6

சுவருக்கு ஒப்புதல் வந்துவிட்டது. குடாவின் வாயை முழுக்க அடைத்து உயரமான கல்சுவர். படகு நுழைய ஓரத்தில் மட்டும் வளைந்த ஒரு வழி. அதில் படகு திரும்பும், அலை திரும்பாது. அறிவிப்புப் பலகையில் 'கடற்புல்லைக் காக்க, பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று' என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் கேட்டார்: "இவ்வளவு சீக்கிரமா எப்படிச் சரின்னாங்க?"

"கண்ணால பார்த்தாங்க."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கப்போகுது. குளம் மாதிரி தண்ணி நின்னா யாருக்கு வசதி? இன்னும் நாலு பெரிய படகு கட்டி வைக்கலாம்ல?"

கட்டட்டுமே. என் புல் பிழைத்தால் சரி.

மே 25

மகனுக்குச் சுவர் வேலையில் கிரேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கெங்கோ துறைமுகங்களில் ஓட்டிக்கொண்டு வருடத்தில் இரண்டு முறை விருந்தாளிபோல் வந்துபோனவன். பெட்டியோடு வந்து இறங்கினான். மருமகளுக்கு நடை தரையில் பாவவில்லை. "அத்தை, உங்க புல்லுக்குப் புண்ணியம்" என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 2

கல் விழுகிறது. மிதவையிலிருந்து கிரேன் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, தண்ணீருக்குள் மெதுவாக இறக்கி வைக்கிறது. வீசுவதில்லை, வைக்கிறான். அவனுடைய கை அப்படி. நடுவிலிருந்து வடக்குப் பக்கம் முதலில் எழும்புகிறது. அதற்குப் பின்னால் இப்போதே அலை செத்துவிட்டது.

ஜூலை 19

படகில் வந்தவர்கள் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார்கள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது. வளையத்துக்குள் இலைகளின்மேல் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. பஞ்சுபோல், ரோமம்போல்.

வெயில் அதிகம். அதனால் இருக்கும்.

ஜூலை 20

தண்ணீரில் இறங்கி இலைகளைக் கையால் துடைத்தேன்.

ஜூலை 23

மறுபடியும் துடைத்தேன்.

ஆகஸ்ட் 4

வளையத்துக்குள் கால் வைத்ததும் நாற்றம். அழுகிய முட்டை. தூரத்து மீன்கூடையிலிருந்து வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று கடலிலிருந்து வீசியது. கடலில் ஏது மீன்கூடை?

ஆகஸ்ட் 5

நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வளையத்துக்குள் ஒரு கொத்தைப் பிடித்தேன். இழுக்கவில்லை. பிடித்ததும் வந்துவிட்டது, வெந்த கிழங்கிலிருந்து தோல் கழல்வதுபோல். வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. மண் மேலே சாம்பல் நிறம். விரலை விட்டால் கரி. நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி அடுத்தடுத்த கொத்துகளும் தாமாகக் கழன்று மிதந்தன. முழம் தாண்டிய என் உயரமான புல்.

அப்புறம் படகை வெளி விளிம்புக்கு ஓட்டினேன். தெற்குப் பக்கம் சுவர் இன்னும் வரவில்லை, அலை அடிக்கிறது. அங்கே புல் குட்டை. நுனியெல்லாம் கிழிந்து, பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலை மணலில் ஊன்றி இழுத்தேன். இலை அறுந்து கையோடு வந்தது, வேர் வரவில்லை. மணலை விலக்கிப் பார்த்தேன். சாண் உயரப் புல்லுக்குக் கீழே வேர்த்தண்டுகள் வெள்ளையாக, கெட்டியாக, கயிறு திரித்ததுபோல் பின்னிக் கிடக்கின்றன. அலை அடிக்க அடிக்க அது மேலே வளர்வதை விட்டுவிட்டுக் கீழே பிடித்திருக்கிறது. இதையும் பெரிய அலை சாய்க்கிறது, உண்மைதான். ஆனால் பிடுங்கிச் சாய்க்கவில்லை. அடிமணலை உருவித்தான் சாய்க்கிறது.

கண்ணாடிப் படகுக்கு வருகிறவர்களுக்கு உயரமான புல்தான் அழகு. வருடக்கணக்காக அவர்களுக்குக் காட்டிக்காட்டி, உயரமான புல்தான் நல்ல புல் என்று என் கண்ணும் முடிவுகட்டிவிட்டது. மேலிருந்தே பார்த்தேன். கீழே கை வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

சுவர் முடிந்தால்? குடா முழுக்க என் மூட்டை வளையம்தானே?

 

ஆகஸ்ட் 8

டேப்பை வரச் சொன்னேன். நானாகப் போகவில்லை. ஆள் அனுப்பினேன்.

வந்தவள் டேப்பைத் தொடவில்லை. வளையத்துக்குள் மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவள் சொன்னால் பதிலுக்குச் சொல்ல நான் ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. என்னுடைய பதில் வீணாய்ப் போனது.

"சின்ன அலை இலையை ஆட்டணும்மா. ஆட்டினாத்தான் படிஞ்ச அழுக்கு போகும். புதுத் தண்ணி இலையைத் தொடும். மண்ணுல சேறு சேராது. தண்ணி அசையாம நின்னா செத்த இலை அங்கேயே விழுந்து அழுகி, வேரை விஷம் மாதிரி தின்னுடும்."

"அப்ப பெரிய அலை நல்லதா? விளிம்பு போனது பொய்யா?"

"பொய் இல்லை. நாங்க பழகிக்கும்னு சொல்லிச் சும்மா இருந்தோம். அந்த ரெண்டு வருஷத்துல போனது போனதுதான். அது எங்க தப்பு."

"எவ்வளவு அலை வேணும் அதுக்கு? அளவு சொல்லு. உன் பேரே டேப்பு."

"இந்தக் குடாவுக்கு எனக்குத் தெரியாதும்மா."

தெரியாது என்று சொன்னதால்தான் அதற்குப்பிறகு அவள் சொன்னதையெல்லாம் நம்பினேன். உடைத்த பாறை எவ்வளவு உயரம் இருந்தது என்று கேட்டாள். அது எனக்குத் தெரியும். எத்தனை தடவை படகின் அடியைக் கீறியிருக்கிறது! கடல் வற்றும்போது அதன் உச்சி தண்ணீருக்குள் முழங்கை ஆழத்தில் இருக்கும். பெரிய அலை அதில் தட்டி உடையும், சின்ன அலை மேலே ஏறித் தாண்டி வரும்.

"அப்ப அதுதான் தொடக்கம்" என்றாள். "சுவரோட நடுப்பகுதியை அந்த உயரத்துக்கு இறக்கணும். அப்புறம் பார்த்துப் பார்த்துத் திருத்தணும்."

அவள் பாதி சரி. நான் பாதி சரி. இதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

செயலாளரிடம் போனேன்.

"என்னக்கா விளையாடுறீங்க? கேட்டது நீங்க, கட்டுறது நாங்க. முதல் கையெழுத்தே உங்களுதுதான்."

"அலையை நிறுத்துன்னு கேட்டேன். இப்ப சொல்றேன், பாதியை நிறுத்து. நடுவுல தாழ்த்து."

"நடுவுல தாழ்த்தினா உள்ள படகு ஆடும். ஆடினா எந்தப் பெரிய படகு வந்து நிக்கும்?"

"தம்பி, பலகையில புல்லுக்காகன்னுல்ல எழுதியிருக்கே? படகுக்காகன்னு எழுதலையே?"

சிரித்தார். டீ சொல்லவா என்று கேட்டார். கடலில் கரைத்த பெருங்காயம், என் பேச்சு. எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

என் கையெழுத்தை வெச்சே என் புல்லைக் கொல்றான். என் கையெழுத்தை வெச்சே!

ஆகஸ்ட் 17

கையெழுத்து வாங்கிய வாசல்களிலேயே திரும்பவும் ஏறினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அக்கா, போன வருஷம் கட்டச் சொன்னீங்க. இந்த வருஷம் இறக்கச் சொல்றீங்க. அடுத்த வருஷம் என்ன சொல்லப்போறீங்க?"

"அடுத்த வருஷம் செத்துடுவேன், கவலைப்படாதே. இப்ப கையெழுத்துப் போடு."

நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு இருந்த ஆள் சிரித்தான். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. முடிதிருத்துகிறவரும் போடவில்லை. ஐஸ்காரர் மட்டும் போட்டார். அவர் எதற்கும் போடுவார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்: "தெரியாம கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேட்கும். சொன்னா வாய் வெந்துடுமா?"

தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்த அளவுக்குக் கேட்டேன். இதற்கெதற்கு மன்னிப்பு?

ஆகஸ்ட் 21

மகனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு என்முன் வந்து நின்றான்.

"வேலையை நிறுத்தணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கியாமே?"

"நிறுத்தச் சொல்லலைடா. நடுவுல தாழ்த்தணும்னு—"

"நீ கேட்ட சுவர்மா இது. உன் வாயால வந்த வேலை. உன் வாயாலேயே போகணுமா? நான் வீட்டுல இருக்கிறது உனக்கு அவ்வளவு உறுத்துதா?"

"உன் வேலை போகாதுடா. தாழ்த்தவும் கிரேன்தான் வேணும்."

"யார் கொடுப்பா அந்த வேலையை? செயலாளரை எதிர்க்கிறவ மகனுக்கா?"

  அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டான். மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் வைத்தாள்.

நான் என்ன செய்யணும்? மகனா, புல்லான்னு கேட்டா யார்கிட்டச் சொல்றது? இந்தக் கேள்வியே தப்பு. கேட்க வைச்சது யாரு?

ஆகஸ்ட் 24

அவன் காலையில் சொல்லாமல் போகிறான். மாலையில் சொல்லாமல் வருகிறான்.

ஆகஸ்ட் 30

பேசிப் பயனில்லை. பார்த்தும் பயனில்லை, பார்த்ததால்தானே எல்லாரும் ஏமாந்தோம். தொட்டால்தான் உண்டு.

நாளையிலிருந்து படகில் யார் வேண்டுமானாலும் சும்மா வரலாம். ஒரே நிபந்தனை: இரண்டு இடத்திலும் தண்ணீரில் இறங்கி, தங்கள் கையாலேயே புல்லை இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் என் வளையத்தில். பிறகு விளிம்பில்.

செப்டம்பர் 6

நண்டு பிடிக்கிறவர்கள் வந்தார்கள். வளையத்துக்குள் கை வைத்ததும் முகத்தைச் சுளித்தார்கள். "அக்கா, இந்த மண்ணுல நண்டு இருக்காது. நானே இருக்க மாட்டேன்" என்றான் ஒருவன். விளிம்பில் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் ஒரு கொத்து வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு படகில் ஏறினார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை.

முடிதிருத்துகிறவரும் வந்தார். நீச்சல் தெரியாது, படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் இழுத்தார். "முடியா இருந்தா வந்திருக்கும்" என்றார். கரையேறியதும் பேனா கேட்டார்.

வடக்கில் சுவர் முடிந்துவிட்டது. நடுப்பகுதி தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிவிட்டது. தெற்கு ஓரம்தான் பாக்கி.

செப்டம்பர் 14

ஞாயிறு. படகைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகன் வந்து நின்றான். ஏறி உட்கார்ந்தான். நான் கயிற்றை அவிழ்த்தேன்.

வளையத்தில் இறங்கினான். ஒரு கொத்து கையோடு வந்ததும் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சுவருக்குப் பின்னால், வடக்குப் பக்கம் போகச் சொன்னான். அவன் கட்டி முடித்த இடம். அங்கே இறங்கி, முக்குளித்து, வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு கொத்து. வேர் இன்னும் வெள்ளைதான். ஆனால் இலையில் ரோமம் படரத் தொடங்கியிருந்தது. முகர்ந்து பார்த்தான்.

விளிம்பில் அவன் இழுத்த இழுப்பில் படகே சாய்ந்தது.

"விடுடா, அதென்ன உன் கிரேனா?"

சிரிக்கவில்லை. தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "உடைச்ச பாறை எவ்வளவு உயரம் இருந்துச்சு?"

சொன்னேன்.

"நடுவுல மேல் ரெண்டு வரிசை கல்லை எடுத்தா அந்த உயரம் வரும்."

 

செப்டம்பர் 20

கூட்டம். மண்டபத்தில் இடம் பற்றாமல் ஜன்னலில் நின்றார்கள். புதுக் கையெழுத்துகளை நான் மேசையில் வைத்ததும் செயலாளர் பழையதைப் பக்கத்தில் வைத்தார். "எதை நம்புறது?" என்றார். கூட்டம் சிரித்தது.

நான் எழுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கல்லை வைக்கிறவன் நான். நான் சொல்றேன்."

என் மகன்.

"முழுசா இடிக்க வேண்டாம். நடுவுல மேல் ரெண்டு வரிசையை எடுத்து வெளிப்பக்கம் சரிவாப் போட்டா பெரிய அலை அதுல உருண்டு உடையும், சின்னது உள்ள வரும். கல்லு வீணாகாது. எந்தக் கல்லு எங்க உட்காந்திருக்குன்னு எனக்குத் தெரியும்."

"படகு ஆடுமே?" என்றார் செயலாளர்.

"வடக்குல ஆடாது. அங்க கட்டிக்கங்க."

டேப் அவன் சொன்ன கணக்கைச் சரிபார்த்துத் தலையசைத்தாள். சத்தம், கத்தல், மேசையில் தட்டல் எல்லாம் நடந்தது. கடைசியில் செயலாளர் ஒப்புக்கொண்டார்: நடுவைத் தாழ்த்தலாம், வடக்குச் சுவரைத் தொடக்கூடாது. அதற்குப் பின்னால் இருக்கும் புல் போகும். டேப் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வடக்குத் துண்டை விட்டுக்கொடுத்தேன்.  கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் மகன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். 

அக்டோபர் 3

வைத்த கல்லையே திரும்ப எடுக்கிறான். வைப்பதைவிட எடுப்பது கஷ்டமாம். வரும் காற்றுக் காலத்துக்கு முன்னால் முடியுமா? நான் மூட்டைகளை அப்புறப்படுத்திவிட்டேன். உள்ளே மிஞ்சியது கறுப்பு மண்.

அக்டோபர் 16

தெற்கு ஓரமும் முடிந்து, நடுவில் எடுத்த கடைசிக் கல் நேற்று வெளிச்சரிவில் இறங்கியது. இன்று வானம் ஈயம். படகுகளையெல்லாம் உள்ளே இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

அக்டோபர் 18

கடலுக்குள் யாராலும் போக முடியவில்லை. சுவரைத் தாழ்த்திய நடுவாசலில் அலை உடையும் சத்தம் வீட்டுக்குக் கேட்கிறது. பாறை இருந்த நாளில் கேட்ட சத்தமா அது, வேறா? அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். "தெரியலைம்மா" என்றார். முதல்முறையாகக் கருத்துச் சொல்லவில்லை.

அக்டோபர் 20

கரையெல்லாம் புல். இடுப்பு உயரக் குவியல்கள்.  எல்லாம் போச்சு!

அப்புறம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இலை மட்டும் ஒதுங்கியிருந்தால் பயமில்லை. எந்தப் புல்லும் இலை உதிர்க்கும். வேரோடு வந்திருந்தால்தான் புல்வெளியே போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு கொத்தாகப் பிரித்தேன். இலை. இலை. இலை. வேரோடு ஒன்று. இலை. இலை.

பக்கத்தில் யாரோ வந்து குந்தினார்கள். மகன். கேட்காமலே அடுத்த குவியலைப் பிரிக்கத் தொடங்கினான். டேப் வந்தாள், மூன்றாவது குவியல் அவளுக்கு. மழை எங்கள் முதுகில் பெய்துகொண்டே இருந்தது.

"அம்மா, உன் பக்கம் எப்படி?"

"இலைதான் அதிகம்."

"எனக்கும்."

அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டு இரண்டு மாதமாகிறது.

அக்டோபர் 27

கடல் இறங்கியது. விளிம்புக்குப் போனோம். தெற்கு மூலையில் ஒரு பெரிய துண்டு சரிந்திருக்கிறது, வேரோடு வந்தவை அங்கிருந்துதான். மற்ற இடத்தில் படி அப்படியே நிற்கிறது. நடுவாசலுக்கு நேரே படியின் அடியில் புதுமணல் சேர்ந்திருக்கிறது. டேப் அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள். நான் இறங்கி இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

நவம்பர் 2

மகனுக்கு வேறு துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இங்கே வேலை முடிந்துவிட்டது, போகத்தான் வேண்டும். செயலாளர் வழியில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதகமில்லை.

செய்ய வேண்டியவை, யார் செய்ய வேண்டும் என்பதோடு:

வடக்குச் சுவருக்குப் பின்னால் இன்னும் உயிரோடிருக்கும் புல்லை அடுத்த அமைதிக் காலத்தில் நடுவாசலுக்கு உள்பக்கம் மாற்றி நட வேண்டும். டேப். பிடுங்கக் கூடாது, மண்ணோடு வெட்டி எடுக்க வேண்டும். அவளுடைய நிலையத்தில் 'பழகிக்கும்' என்று சொன்னவர்கள் வந்து சுமக்க வேண்டும்.

நடுவாசலில் அலை புரட்டிய கற்களைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். மகன், போவதற்கு முன்னால். போன பிறகு யார் ஓட்டினாலும் வீசாமல் வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

கரையில் ஒதுங்கிய இலைகளை லாரியில் அள்ளக் கூடாது. அங்கேயே கிடந்து மணலைப் பிடிக்கட்டும். ஐஸ்காரர் லாரியைக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

பெரிய படகுகள் புல்மேல் நங்கூரம் போடக் கூடாது. நண்டு பிடிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வாய் உண்டு.

புல் இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவைகளுக்குச் சிவப்புத் துணி. வீட்டுக்காரர் தைக்க வேண்டும். தண்ணீரில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

தெற்கு மூலையை மாதம் ஒருமுறை இறங்கிக் கை வைத்துப் பார்க்க வேண்டும். நான்.

நடுவாசலின் தாழ்வை யார் வந்து அடைக்கச் சொன்னாலும் அடைக்கக் கூடாது. செயலாளர். ஊரே கேட்டாலும் கூடாது. முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்தாலும் கூடாது.